பெட்டி தூக்கிய கூலி

(கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கும் இசைக்கும் பழகிய மேடையில் துறைமுகக் கூலியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், கொடுத்தீர்கள். நன்றி. இந்தப் பேட்டைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு பழையது. ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி நம்மவர்கள் குடியேறியதே டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் கிடைத்த வேலையை நம்பித்தான். தஞ்சாவூரிலும் பாலக்காட்டிலும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு, ஹௌரா வரை ரயிலில் உட்கார்ந்து வந்தவர்கள் தேயிலைக் கம்பெனியிலும் சணல் கம்பெனியிலும் கப்பல் ஏஜென்சியிலும் சேர்ந்தார்கள். இங்கே கூடியிருப்பவர்களில் பலருடைய தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காலத்தில் பில் ஆஃப் லேடிங்கைத் தட்டச்சு செய்திருப்பார். அந்தத் தாளில் வரும் தொகைகளில் ஒன்றைத்தான் இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கண்டெய்னரில் சரக்கு அனுப்புகிறவருக்கு வரும் பில்லில் கப்பல் வாடகை ஒரு வரி. அதன் கீழே டெர்மினல் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று இன்னொரு வரி. தொழிலில் டி.எச்.சி. என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுவார்கள். பெட்டியைத் துறைமுகத்துக்குள் கையாளும் கூலி. இருபதடிப் பெட்டிக்கு ஒரு தொகை, நாற்பதடிக்கு வேறு. குளிர்பதனப் பெட்டிக்கும் அபாயகரமான சரக்குக்கும் தனித்தனி. ஏற்றும் துறைமுகத்தில் ஒரு முறை, இறக்கும் துறைமுகத்தில் ஒரு முறை. ஏற்றுமதி செய்பவர்களில் பெரும்பாலோர் இதைத் துறைமுகம் வசூலிக்கும் கட்டணம் என்றே நம்புகிறார்கள். பில்லை அனுப்புவது கப்பல் கம்பெனி. தொகையை நிர்ணயிப்பதும் அதுதான். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது.

முதலில் வேலையைப் பார்த்துவிடுவோம். பாந்தலாவின் தோல் வளாகத்தில் ஒரு சிறு தொழிற்சாலை கைப்பைகளைப் பெட்டியில் அடுக்கி, கதவை மூடி, சீல் போடுகிறது. டிரெய்லர் இரவில் நகரத்தைத் தாண்டி நேதாஜி சுபாஷ் டாக்கின் வாசலுக்கு வந்து வரிசையில் நிற்கிறது. வாசலில் பெட்டி எண்ணைச் சரிபார்க்கிறார்கள்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஒரு எழுத்தையோ எண்ணையோ மாற்றி எழுதினால் அந்த இலக்கம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சீல் எண். பிறகு எடை. 2016 ஜூலை முதல் எடை சரிபார்த்த சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி. உள்ளே போனதும் யார்டில் இறக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கப்பல் வந்ததும் அடுக்கிலிருந்து எடுக்க வேண்டும். வேண்டிய பெட்டி அடியில் இருந்தால் மேலே உள்ளவற்றை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் அதைத் தொட முடியும். அங்கிருந்து உள்வண்டியில் கப்பலடிக்குப் போகிறது. கிரேனின் ஸ்ப்ரெடர் பெட்டியின் நான்கு மூலைகளிலும் பொருந்திப் பூட்டிக்கொண்டு, சில நிமிடங்களில் அதைக் கப்பலில் வைத்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் ஆளும் டீசலும் இயந்திரமும் வேண்டும். கொல்கத்தாவில் கூடுதலாக ஆறும் வேண்டும். இந்தியாவின் பெருந்துறைமுகங்களில் ஆற்றங்கரையில் இருப்பது இது ஒன்றுதான். கடலிலிருந்து ஹூக்ளி வழியே 200 கிலோமீட்டருக்கு மேல் பைலட்டின் துணையோடு வர வேண்டும். ஓதம் ஏறும் நேரத்துக்குக் காத்திருந்து, லாக் கேட் வழியாக டாக்குக்குள் நுழைய வேண்டும். கிதிர்பூர் டாக் 1892-இல் திறந்தது. இன்று நேதாஜியின் பெயரைத் தாங்கும் டாக் 1920-களின் இறுதியில், கிங் ஜார்ஜ் டாக் என்ற பெயரில். அந்தக் காலத்துக் கப்பல்களுக்கு வெட்டிய வாசல்கள் அவை. இன்றைய பெரிய கண்டெய்னர் கப்பல் அந்த வாசலில் நுழையவே முடியாது. அதனால் இங்கிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் பெட்டி கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போர்ட் கிளாங்குக்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கேள்வி, அந்தக் கூலியின் அளவை யார், யாரோடு பேசி முடிவுசெய்கிறார்கள் என்பதுதான். டெர்மினலுக்கு வாடிக்கையாளர் கப்பல் கம்பெனி. பெட்டிக்கு இவ்வளவு என்று அவர்கள் இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். துறைமுகத்தின் கட்டண அட்டவணை பொது ஆவணம், யாரும் வாசிக்கலாம். பெருந்துறைமுகங்களுக்கு 1997 முதல் டாம்ப் என்ற கட்டண ஆணையம் விலை வகுத்தது. 2021-இன் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் வந்தபின் அந்த அதிகாரம் துறைமுகங்களின் கைக்கே போய்விட்டது. ஆனால் கப்பல் கம்பெனி டெர்மினலுக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது, நம்மிடம் எவ்வளவு வாங்குகிறது, நடுவில் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் தாள் எதுவும் சரக்குக்காரர் கண்ணில் படுவதில்லை. அட்டவணையில் உள்ளதைவிடப் பில்லில் கூடுதலாக இருந்தால் கேட்கலாம். வேறு செலவும் சேர்ந்திருக்கிறது என்று பதில் வரும். என்ன செலவு என்று கேட்டால் அதற்கு மேல் பதில் வராது. இந்த உரையாடல் எனக்கு மனப்பாடம்.

வாங்குகிறவரிடம் கப்பல்காரருக்கு ஒரு பிடி இருக்கிறது. இறக்குமதியில் அந்தப் பிடிக்கு டெலிவரி ஆர்டர் என்று பெயர். டி.எச்.சி. கட்டினால்தான் டி.ஓ. வரும். டி.ஓ. வந்தால்தான் பெட்டி வெளியே வரும். பெட்டி உள்ளே நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தரை வாடகை ஒரு பக்கம், பெட்டியைத் திருப்பித் தராததற்கு டிடென்ஷன் இன்னொரு பக்கம். தொகை நியாயமா என்று வாதாடுகிறவர் வாதாடும் நாளுக்கும் காசு கட்டுகிறார். அதனால் எல்லோரும் முதலில் கட்டிவிட்டு, பிறகு முணுமுணுக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கப்பல் கம்பெனிகள் ஒன்றுகூடி விலை பேசிக்கொள்ளும் கான்ஃபரன்ஸ் என்ற ஏற்பாட்டில் உலகத்திலேயே முதலாவது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது எதைத் தெரியுமா? 1875-இல் பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான வழியில் உருவான கல்கத்தா கான்ஃபரன்ஸை. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகி, வாடகை சரிந்து, போட்டி கழுத்தை நெரித்தது. அதற்கு மாற்றாக எல்லோரும் ஒரே விலை சொல்வோம் என்று கூடிக்கொண்டார்கள். இரண்டே ஆண்டில், 1877-இல், இன்னொரு கருவியையும் கண்டுபிடித்தார்கள். தள்ளுபடி உண்டு, ஆனால் இப்போது கிடைக்காது. அடுத்த சில மாதங்களும் எங்கள் கப்பல்களிலேயே சரக்கை ஏற்றினால்தான் பழைய தள்ளுபடி கைக்கு வரும். வேறு கப்பல் பக்கம் ஒரு மூட்டை போனாலும் சேர்ந்த தொகை போய்விடும். வியாபாரியின் பணத்தையே பிணையாக வைத்து வியாபாரியைக் கட்டிப்போட்ட ஏற்பாடு அது. கப்பல் வளையங்கள் என்று பெயர்பெற்ற இந்தக் கான்ஃபரன்ஸ்களை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு 1906-இல் ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. 1909-இல் அறிக்கை வந்தது. வளையங்கள் நீடித்தன.

அதே 1906-இல்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அவர் மோதியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியோடு. அந்தக் கம்பெனி பிறந்தது நம்முடைய இந்த நகரத்தை மையமாகக் கொண்ட கல்கத்தா – பர்மா தபால் கப்பல் சேவையாக, 1856-இல். அதை நடத்திய மெக்கின்னன் மெக்கென்சியின் கட்டடம் ஸ்ட்ராண்ட் ரோடில் இருந்தது. நம் முன்னோர்களில் சிலர் சம்பளம் வாங்கிய இடம். சிதம்பரனாரை வீழ்த்த அந்தக் கம்பெனிக்காரர்கள் தூத்துக்குடி – கொழும்பு கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தார்கள், பிறகு இலவசம் என்றார்கள், ஏறினால் குடையும் கொடுத்தார்கள் என்பதை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஆழமான கஜானா உள்ளவன் எதிரியை விலையால் மூழ்கடிக்கலாம் என்பதற்கு உதாரணமாக அதைச் சொல்வோம். நான் அதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். கப்பல் கட்டணத்துக்கும் கப்பல் ஓட்டும் செலவுக்கும் கட்டாயமான தொடர்பு எதுவும் இல்லை. அது பலத்தைப் பொறுத்து இறங்கும், பலத்தைப் பொறுத்து ஏறும். 1908-இல் சிதம்பரனாரைச் சிறையில் அடைத்தார்கள். 1911-இல் கம்பெனியை மூடினார்கள். அதன்பின் இலவசக் குடை கொடுக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இனி கண்டெய்னருக்கு வருவோம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சில்லறையாக மூட்டை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன இடத்தில், பெட்டியாக ஏற்ற 16 சென்ட்கூட ஆகவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள். கண்டெய்னர் உலகத்தை வென்றதே கையாளும் கூலியைக் குறைத்ததால்தான். மூட்டை ஏற்றிய காலத்தில் வழக்கமான லைனர் கப்பல்களில் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் கப்பல் வாடகைக்குள்ளேயே அடங்கியிருந்தன. பெட்டி வந்து கூலி மலிந்தது. அதற்குப் பிறகு, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆசிய – ஐரோப்பிய வழித்தடக் கான்ஃபரன்ஸ்கள் அந்தக் கூலியை வாடகையிலிருந்து பிரித்துத் தனி வரியாக எழுதின. ஹாங்காங்கின் சரக்குக்காரர்கள் அப்போதே எதிர்த்தார்கள். தனியாக எழுதினால் வெளிப்படையாக இருக்கும், துறைமுகச் செலவு கூடினால் அந்த வரி மட்டும் கூடும் என்று கப்பல்காரர்கள் விளக்கம் சொன்னார்கள்.

அந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல இடம் கொழும்பு. நம் பெட்டி கொழும்பில் ஃபீடரிலிருந்து இறங்குகிறது, யார்டில் கிடக்கிறது, மறுபடி பெரிய கப்பலில் ஏறுகிறது. கொல்கத்தாவில் ஒரு முறை தூக்கினார்கள் என்றால் அங்கே இரண்டு முறை தூக்குகிறார்கள். அந்தச் செலவு நம் பில்லில் தனி வரியாக வருவதில்லை. கப்பல் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஏனென்றால் அங்கே டி.ஓ.வைப் பிடித்து வைத்துக் காசு கேட்க ஆளே கிடையாது. கையாளும் கூலியை வாடகைக்குள் அடக்க முடியாது என்று யாராவது சொன்னால், கொழும்பில் நாள்தோறும் அடக்கிக்கொண்டுதானே இருக்கிறீர்கள் என்று நாம் கேட்கலாம்.

இதில் அதிகம் அடிபடுகிறவர் எஃப்.ஓ.பி. விலையில் விற்கும் ஏற்றுமதியாளர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் நாட்டின் சிறு ஏற்றுமதியாளர்களில் ஏராளமானோர் இந்த முறையில்தான் விற்கிறார்கள். எஃப்.ஓ.பி. என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் செலவு. கடல் வாடகை வாங்குபவர் செலவு. வாடகையைக் கொடுப்பவர் அவர் என்பதால் எந்தக் கப்பல் என்று தேர்ந்தெடுப்பவரும் அவரே. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பெரிய கடைக்காரர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குப் பேரம் பேசி வாடகையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார். கப்பல் கம்பெனியும் ஒப்புக்கொள்ளும். ஆனால் ஏற்றும் துறைமுகத்து டி.எச்.சி. அவர் கணக்கில் வராது. பாந்தலாக்காரர் கணக்கில் வரும். அவரோ அந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த விலையைப் பேசவில்லை, வேறு கப்பலுக்கு மாறவும் அவருக்கு உரிமை கிடையாது. கணக்குக்காக ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெட்டிச் சரக்கில் அவருக்கு நிற்கும் லாபம் 1 லட்சம் ரூபாய், டி.எச்.சி.யும் அதைச் சேர்ந்த சில்லறை வரிகளும் 15,000 என்றால், லாபத்தில் 15 சதவீதம் அவர் பேசாத பேரத்தில் போகிறது. பில் ஆஃப் லேடிங் கட்டணம், சீல் கட்டணம், பெட்டி கழுவும் கட்டணம் என்று அந்தச் சில்லறை வரிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போவதும் இதே காரணத்தால்தான். வாடகையில் விட்டதை எதிர்க்க முடியாதவரிடம் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த முடிச்சைச் சட்டத்தால் வெட்டிப் பார்த்த நாடு இலங்கை. அங்கே ஏற்றுமதியின் முதுகெலும்பு ஆடைத் தொழில். அவர்களும் பெரும்பாலும் எஃப்.ஓ.பி.யில் விற்பவர்கள். கப்பல் முகவர்கள் அவர்களிடம் டி.எச்.சி. வாங்குவதை எதிர்த்துச் சரக்குக்காரர் சங்கம் நெடுநாள் போராடியது. 2013 டிசம்பரில் இலங்கை அரசு அரசிதழில் விதி வெளியிட்டது. வாடகை என்றால் எல்லாம் அடங்கிய வாடகை, அதை யார் கொடுக்க ஒப்பந்தமோ அவரே கொடுக்க வேண்டும், மற்றவரிடம் டி.எச்.சி. என்று தனியாக வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். கப்பல்கள் கொழும்பைவிட்டு ஓடிவிடும் என்று பயமுறுத்தினார்கள். கொழும்பு இன்றும் தெற்காசியாவின் பெரிய கண்டெய்னர் துறைமுகங்களில் ஒன்று. கப்பல் முகவர்கள் அந்தத் தடையை நீக்கக் கோரி வந்தார்கள், சரக்குக்காரர்கள் எதிர்த்து நின்றார்கள்.

நான் இலங்கையின் வழியை ஆதரிக்கிறேன். அதன் குறையும் தெரிந்தே ஆதரிக்கிறேன். வாடகைக்குள் அடக்கச் சொன்னால் வாடகை கூடும். வெளிநாட்டு வாங்குபவர் அந்தக் கூடுதலைப் பொருளின் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்பார். ஆனாலும் ஒன்று நடக்கும். அந்தத் தொகையைப் பேசுகிறவரும் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பார். பெரிய வாங்குபவர் தன் பலத்தை அதன் மேலும் செலுத்துவார். ஐரோப்பிய ஒன்றியம் கான்ஃபரன்ஸ்களுக்குக் கொடுத்திருந்த விலக்கை 2008 அக்டோபரில் முடித்துவைத்தது. கூடி விலை பேசுவது அங்கே சட்டவிரோதமானது. டி.எச்.சி. மட்டும் மறையவில்லை. கூட்டாக நிர்ணயித்ததை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக நிர்ணயித்து வாங்குகிறது. போட்டிச் சட்டத்தால் மட்டும் இது தீராது என்று நான் எண்ணுவது அதனால்தான்.

நம் நாட்டில் ஒரு வழக்கு இதற்குப் பக்கத்தில் வருகிறது. அது சென்னையிலிருந்து போனது. சுங்க மதிப்பீட்டில் இறக்குமதிச் சரக்கின் விலையோடு இறக்குகூலியையும் அப்போது சேர்க்க வேண்டியிருந்தது. உண்மைக் கூலி என்னவாக இருந்தாலும் சரக்கு மதிப்பில் 1 சதவீதம் என்று 1990-இல் விதியைத் திருத்தினார்கள். அப்படியானால் ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்றில் செங்கல்லும் மற்றொன்றில் கணினி உதிரிப்பாகமும் இருந்தால், ஒரே கிரேன், ஒரே ஆள், ஒரே சில நிமிட வேலை, ஆனால் கூலி மட்டும் மலைக்கும் மடுவுக்கும். விப்ரோ நிறுவனம் இதை மதராஸ் உயர்நீதிமன்றத்தில் எதிர்த்துத் தோற்று, உச்சநீதிமன்றம் போனது. 2015 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது: உண்மைச் செலவு தெரியும்போது அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், கற்பனைத் தொகையைச் சுமத்தக் கூடாது. 2017 செப்டம்பரில் அரசு விதியையே மாற்றியது. அது சுங்க வரிக்கான தீர்ப்பு, கப்பல் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசாங்கத்திடம் நீதிமன்றம் எதிர்பார்த்த நேர்மையைத் தனியார் கப்பல் கம்பெனியிடமும் நாம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. டெர்மினலுக்குக் கொடுத்த தொகைக்கான சான்றைக் காட்டு, அதை வாங்கிக்கொள், அதற்கு மேல் வாங்குவது உன் வாடகை, அதை வாடகை என்றே எழுது. இவ்வளவு சொல்ல ஒரு விதி போதும். அது வரும் வரை தோல், தேயிலை, பொறியியல் சாமான் அனுப்பும் இந்நகரத்துச் சிறு ஏற்றுமதியாளர்கள் தங்கள் சங்கங்களின் வழியே கூடிக் கேட்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் நான் சொன்ன மனப்பாடப் பதில்தான் கிடைக்கும்.

விதி வருமுன் நம் கையில் இருப்பது ஒப்பந்தம். பன்னாட்டு வணிகச் சபையின் இன்கோடெர்ம்ஸ் விதித் தொகுப்பின் 2010 பதிப்பு தன் முன்னுரையிலேயே ஓர் எச்சரிக்கை சொல்கிறது: விற்பவர் வாடகை கொடுக்கும் முறைகளில், கையாளும் கூலி விலைக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்க, இறக்கும் துறைமுகத்தில் வாங்குபவரிடம் மறுபடி கேட்கப்படலாம். ஒரே வேலைக்கு இரண்டு முறை. அதனால் டி.எச்.சி. எந்தத் துறைமுகத்தில், யார் பொறுப்பு, எந்த நாணயத்தில் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெட்டிச் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்துக்காரரிடம் சரக்கை ஒப்படைப்பதோடு விற்பவர் பொறுப்பு முடியும் எஃப்.சி.ஏ. பொருத்தம் என்பதும் அந்தச் சபையின் அறிவுரைதான். பழக்கத்தால் நாம் எஃப்.ஓ.பி.யை விடுவதில்லை.

கடைசியாக, ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்யாத, ஆனால் இந்த அவையில் நிறையவே இருக்கிற பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ மெல்பர்னிலோ வீடு வாங்குகிறார்கள். இங்கிருந்து புத்தகம், வெண்கலப் பாத்திரம், வீணை, பாட்டியின் ஊஞ்சல் என்று நாலைந்து மரப்பெட்டிகள் போகின்றன. முழுக் கண்டெய்னர் தேவைப்படாது, பலர் சரக்கோடு சேர்த்து அனுப்புவார்கள், கன மீட்டர் கணக்கில் விலை. இங்கே சொல்லும் வாடகை வியக்கத்தக்க அளவு மலிவாக இருக்கும். சில நேரம் ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்வார்கள். பிடித்தம் அங்கே இறங்கியபின். உங்கள் பிள்ளை அதுவரை கேள்விப்படாத ஓர் ஏஜென்ட் கையாளும் கூலி, பிரிக்கும் கூலி, ஆவணக் கட்டணம் என்று டாலரில் பில் அனுப்புவார். கட்டினால்தான் ஊஞ்சல் வரும். கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறும். ஆகவே சாமானைக் கொடுக்கும் முன்பே இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் ஊரில் பெட்டியைக் கையாளும் ஏஜென்ட் யார், அவருடைய கட்டண அட்டவணை என்ன. பாக்கிங் செய்ய வருகிறவரிடம் கேட்டுப் பயனில்லை. பில் ஆஃப் லேடிங் கொடுக்கப்போகும் ஃபார்வர்டரிடம் கேளுங்கள். தர மறுத்தால் இன்னொருவரிடம் போங்கள். ஸ்ட்ராண்ட் ரோடு வட்டாரத்தில் ஃபார்வர்டர்களுக்குப் பஞ்சமில்லை.

 கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். யாரிடமாவது பழைய பில் இருந்தால் கொண்டுவாருங்கள், வரி வரியாகச் சேர்ந்தே பார்ப்போம்.